தினமும் இருநூற்றெண்பது

மருதாளுக்கு இரைப்பு வந்தது பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன நான்காவது வருஷம். அவளுக்குச் செக்கிங் மேசையில் வேலை. தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கி, தொங்குகிற நூல் பிசிறை வெட்டி அடுக்க வேண்டும். வெட்டிய பிசிறும் துணியில் ஒட்டிக்கிடக்கும் பஞ்சும் அறை முழுக்கப் பறக்கும். சாயங்காலம் வீடு திரும்பும்போது தலை நரைத்த மாதிரி இருக்கும். தட்டினால் போய்விடும். நெஞ்சுக்குள் போனதைத் தட்ட முடியவில்லை.

ஆறு வருஷம் அப்படியே ஓடியது. கம்பெனி இரண்டாவது மாடியில் இருந்தது. நடுவில் ஒரு தடவை நின்று, யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுவாள். குடிதண்ணீர்க் குடத்தை அவள் கணவர் ராசப்பன் தூக்கினார். படுத்தால் இரைப்பு கூடும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கப் பழகியிருந்தாள். டாக்டரிடம் ஓர் ஊசி போட்டால் நாலு நாள் தாங்கும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆடியில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் வேன் ஒன்று, மருதாள் குடியிருந்த நல்லூரின் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றது. பஸ்ஸில் போய்வர ஒரு பகல் முழுக்கத் தேவைப்படும் பெரிய ஆஸ்பத்திரி அது. அங்கே நெஞ்சு நோய்ப் பிரிவில் ஓர் ஆராய்ச்சி நடத்தப் போகிறார்கள் என்றும், பனியன் கம்பெனியில் வேலை செய்து இரைப்பு வந்தவர்கள் அறுபது பேர் வேண்டும் என்றும் சொன்னார்கள். வெள்ளைக் குழாய் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். குழாயின் மேல் எண்கள் இருந்தன. ஊதினால் சின்னச் சிவப்பு முள் ஒன்று நகர்ந்துபோய் நிற்கும். இரைப்பில்லாத ஒரு பெண் ஊதினால் நானூறு பக்கம் போகுமாம். மருதாளுக்கு இருநூறைத் தாண்டவில்லை. அவளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் மயில்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து விளக்கினார்.

"உறிஞ்சற மருந்து ரெண்டு டப்பி தருவோமுங்க. ஒண்ணு ஆறு வாரம், அப்புறம் இன்னொண்ணு ஆறு வாரம். ஒண்ணுல மருந்து இருக்கும். இன்னொண்ணுல வெறும் காத்துதான். எது எதுன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்பர் போட்டு கவர்ல ஒட்டி வெச்சிருக்குது. எல்லாம் முடிஞ்ச பின்னாலதான் பிரிப்போம்."

"டாக்டருக்கே தெரியாம எப்படிங்க குடுப்பீங்க?"

"எனக்குத் தெரிஞ்சுதுன்னா, மருந்து குடுத்த வாரம் 'இப்ப நல்லா இருக்குதுங்களா'ன்னு சிரிச்சுட்டுக் கேப்பேன். நீங்களும் என் மனசு நோகக் கூடாதுன்னு ஆமாங்கன்னு சொல்லீருவீங்க. அந்த வம்பே வேண்டாம்னுதான் குழாயைக் கேக்கறோம்."

தினமும் வேலை விட்டு வந்ததும் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை நோட்டில் எழுத வேண்டும். நடுவில் எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பன்னிரண்டு வாரமும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தவர்களுக்கு, இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த மருந்தை ஆஸ்பத்திரியே தரும். திருப்பூர்க் கடைகளில் அது இன்னும் வரவில்லை.

ராசப்பனுக்கு நம்பிக்கையில்லை. "ஊதறதுக்கு ஒரு நோட்டா?" என்றார். ஆனால் காலண்டர் தாளைக் கிழித்து அந்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் வந்து நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். பெயர் ரங்காத்தாள். விலங்கியல் படித்து முடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தால் கூப்பிட மாட்டாள். கதவுக் கொண்டியை லேசாக அசைத்துவிட்டு நிற்பாள். காற்றில் ஆடுகிறது என்று மருதாள் பேசாமல் இருந்த நாளும் உண்டு.

அடுத்த வீட்டில் செல்லத்தாய் குடியிருந்தாள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவள், மருதாளோடு ஒரே மேசையில் வேலை. முதல் ஞாயிற்றுக்கிழமையே பெண்ணைப் பிடித்துக்கொண்டாள்.

"ரங்காத்தாளா? ஆஸ்பத்திரிலருந்து ரங்காத்தா வாராகன்னு மதினி சொன்னாக. நான் யாரோ கெழவின்னு பாயெடுத்து விரிச்சு வச்சேன்."

ரங்காத்தாள் நோட்டைப் பார்த்தபடியே சிரித்தாள்.

"பாய்ல உக்காருங்க கண்ணு," என்றாள் மருதாள். "அவ வாயி அப்படித்தான். கம்பெனில மிசின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசிப் பழகிப்போச்சு."

முதல் ஆறு வாரம் மருதாளுக்குப் பாடாகத்தான் இருந்தது. டப்பியை உறிஞ்சினாள், ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் முள் இருநூற்றுப்பத்தில் நின்றது, அப்படியே எழுதினாள். அடுத்த நாள் நூற்றெண்பது, அதற்கடுத்த நாள் எப்படியோ இருநூற்றைம்பது. இரண்டாம் நாள் சாயங்காலம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் இருநூற்றெண்பது என்று எழுதினாள். அதன் பிறகு தினமும் இருநூற்றெண்பதுதான்.

அவளுக்கு இது பொய்யாகப் படவில்லை. செக்கிங் மேசையில் அத்தனை பேரும் செய்வது இது. ஒரு நாள் கை ஓடும், நாற்பத்தைந்து டஜன் முடியும். நாற்பத்தைந்து என்று எழுதினால் நாளைக்கும் நாற்பத்தைந்து கேட்பார்கள். அதனால் நாற்பது என்று எழுதிவிட்டு ஐந்து டஜனை மேசைக்கடியில் கட்டி வைப்பார்கள். கையிருப்பு என்று அதற்குப் பேர். உடம்பு முடியாத நாளில் முப்பத்தைந்தோடு அந்த ஐந்தைச் சேர்த்தால் நாற்பது வந்துவிடும். தினமும் ஒரே கணக்கு. சூப்பர்வைசர் தங்கவேலுக்கு ஏச்சு விழாது, அவர் வந்து இவர்களைப் பார்த்துக் கத்தவும் மாட்டார். அவருக்கு இது தெரியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். தெரிந்ததாக அவரும் காட்டிக்கொண்டதில்லை.

நோட்டில் நூற்றெண்பது என்று இருந்தால் ஆஸ்பத்திரியில் நோட்டுப் பார்க்க வரும் இந்தப் பிள்ளையை அல்லவா கேட்பார்கள்? வாய் திறந்து பதில் சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை. ரொம்ப ஏற்றி எழுதினாலும், உனக்குத்தான் தேவலையாகிவிட்டதே என்று மருந்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால்? இருநூற்றெண்பது யாரையும் சங்கடப்படுத்தாத எண்ணாக அவளுக்குத் தோன்றியது.

ரங்காத்தாள் வாராவாரம் அந்த வரிசையைப் பார்த்தாள். "அழகா எழுதியிருக்கீங்க்கா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஏழாம் வாரம் டப்பி மாறியது.

மூன்றாம் நாள் மருதாள் கம்பெனி மாடி ஏறிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான், நடுவில் நிற்காதது ஞாபகம் வந்தது. எழுந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அதே படிகள்தான். பத்தாம் நாள் குடத்தை அவளே தூக்கி வந்தாள். ராசப்பன் வாசலில் நின்று, "விட்டுப்போடு, விட்டுப்போடு," என்றபடி பின்னாலேயே வந்தார். அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் பாயில் மல்லாந்து படுத்து, ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். விடிந்து கண் விழித்தபோதும் ஓடுதான் தெரிந்தது. யாரிடம் சொல்வதென்று தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மதினி சிரிச்சா இப்ப முழுச் சிரிப்பு வருது," என்றாள் செல்லத்தாய். "முன்னெல்லாம் பாதியில இருமல் வந்துரும். மீதியை நானு சிரிச்சு முடிப்பேன்."

முள் முந்நூறைத் தாண்டியது. முந்நூற்றிருபது. முந்நூற்றைம்பது. நோட்டில் மருதாள் இருநூற்றெண்பது என்றே எழுதினாள். முன்னால் குறைந்ததெல்லாம் ஈடாகி, இருப்பு ஏறிக்கொண்டே போனது. ஐப்பசி மழையில் எப்படியும் இழுக்கும். அப்போது சேர்த்து எழுதிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ரங்காத்தாள் பஸ் ஸ்டாண்டிலேயே வந்து காத்திருந்து அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரி வராண்டா ஒரு தெரு நீளம் இருந்தது. மருதாள் அதை ஒரே மூச்சில் நடந்து முடித்தாள். வேண்டுமென்றே வேகமாகத்தான் நடந்தாள்.

டாக்டர் மயில்சாமி குழாயை நீட்டினார். "ஊதுங்க, பார்க்கலாம்."

மருதாள் ஊதினாள். முள் முந்நூற்றைம்பதில் போய் நின்றது.

டாக்டர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று வரை நோட்டில் இருநூற்றெண்பது. இன்றைக்கு அவர் கண் முன்னாலேயே முந்நூற்றைம்பது.

"இன்னும் ரெண்டு தடவை ஊதோணும்," என்றார் அவர்.

அவள் மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு ஊதினாள். மேசையில் கையை மெதுவாக ஓட்ட அவளுக்குத் தெரியும். மூச்சு அப்படி அளவுக்கு வரவில்லை. முள் நூற்றுத்தொண்ணூறில் நின்றது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் கூட்டி ஊதினாள். முந்நூற்றுப்பத்து.

டாக்டர் குழாயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு நோட்டை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் பார்த்தார்.

"எண்பத்துநாலு நாள்ல எண்பத்துமூணு நாளு ஒரே எண்ணு," என்றார். குரலில் கோபமில்லை. "சுவத்துல ஆணியடிச்ச மாதிரி நிக்குது. மூச்சு அப்படி நிக்காதுங்கம்மா."

மருதாள் குழாயை மேசையில் வைத்தாள்.

"ரங்காத்தா, எல்லாப் பக்கத்துலயும் உன் கையெழுத்து இருக்குதே."

ரங்காத்தாள் முகம் வெளுத்துவிட்டது. "சுத்தமா இருந்துச்சுங்க சார். அதனால பாக்காம..."

டாக்டர் நோட்டை மூடினார். "நாளன்னிக்குக் கவரைப் பிரிக்கறோம். இந்த நோட்டைச் சேக்க முடியாதுங்கம்மா, தள்ளி வெக்கத்தான் வேணும். ஒரு வருச மருந்தும் நோட்டுச் சரியா இருக்கறவங்களுக்குத்தான். சட்டம் நான் போட்டதில்லைங்க."

மல்லாந்து படுத்த பாய் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. தன்னால் இந்தப் பெண்ணுக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் கூடவே வந்தது. சூப்பர்வைசரிடம் எந்தக் காலத்திலும் சொல்லாததை அவள் டாக்டரிடம் சொன்னாள். டஜன் கணக்கு, மேசைக்கடியில் கட்டி வைப்பது, ஒரு நாளும் கூடாமல் குறையாமல் காட்டுவது, எல்லாவற்றையும். "இந்த அம்மிணிக்கு ஏச்சு விழக் கூடாதுன்னு பண்ணீட்டனுங்க. மருந்து குடுத்தவங்களுக்கு வஞ்சகம் பண்ணோணும்னு இல்லீங்க, சாமி."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

அப்போது ரங்காத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க்கா, கையில எத்தனை இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மருதாள் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் செக்கிங்தானுங்க சார்," என்றாள் ரங்காத்தாள். இதுவரை அவள் அதை ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொன்னதில்லை. "கையிருப்பு வெக்கறவங்க நெசக் கணக்கு ஒண்ணு தனியா எழுதாம இருக்க மாட்டாங்க. எழுதலீன்னா எத்தனை எடுத்தோம், எத்தனை வெச்சோம்னு தெரியாது. எங்கம்மா பண்டல் சீட்டுக்குப் பின்னாடி எழுதும். யாருக்கும் காட்டாது."

"இருக்குதுங்களாம்மா?" என்றார் டாக்டர்.

அந்தச் சீட்டை வெளியே காட்டினவர்கள் மேசையில் கிடையாது. ஆனாலும் மருதாள் தலையாட்டினாள். "ஊட்டுல இருக்குதுங்க. அரிசிப் பானைக்குப் பின்னால, பாலிதீன் கவருல."

"அன்னன்னிக்கு எழுதினதுங்களா? ஒரே நாள்ல ஒக்காந்து எழுதினதில்லியே?"

"அன்னன்னைக்குச் சீட்டுங்க. பண்டல் மேல கட்டி வர்றது. கம்பெனில தேதி முத்திரை குத்தித்தான் வரும். ஞாயித்துக்கெழமை மட்டும் சீட்டு இருக்காதுங்க. சனிக்கெழமைச் சீட்டுலயே கீழ எழுதிக்குவேன்."

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள என் மேசைக்கு வரோணும். கவரைப் பிரிச்ச பின்னால வந்தா எதுக்கும் ஆகாது. சேத்துக்குவாங்களான்னு நான் இப்பச் சொல்ல முடியாதுங்க. மேல இருக்கறவங்களைக் கேக்கோணும். கேக்கறேன்."

அன்றைக்கே இருவரும் பஸ் பிடித்தார்கள். நின்றுகொண்டுதான் வர முடிந்தது. அவிநாசி தாண்டியபோது மருதாள்தான் சொன்னாள்: "என்னால உங்களுக்கும் கெட்ட பேராயிருச்சு, அம்மிணி."

"நான் பாத்திருக்கோணுங்க்கா. தப்பில்லாத நோட்டுன்னு சந்தோசப்பட்டுட்டேன். கேள்வி கேக்க வேண்டியதில்லீல்ல, அதான்."

வீட்டில் பாலிதீன் கவரைக் கொட்டியபோது சீட்டுகள் பாய் முழுக்கப் பரவின. செல்லத்தாயும் வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் தேதி பார்த்து வரிசையாக அடுக்கினார்கள். நான்கு சீட்டுகளைக் காணோம். இரண்டு ராசப்பனின் சட்டைப் பையில் கிடைத்தன. பீடி பற்ற வைக்க எடுத்திருந்தாராம். மற்ற இரண்டு கிடைக்கவே இல்லை. "ரெண்டு நாளு இல்லைன்னே எழுதிக்கலாங்க்கா," என்றாள் ரங்காத்தாள். "இட்டுக்கட்ட வேண்டாம்."

மருதாள் வாசித்தாள், ரங்காத்தாள் எழுதினாள். "மொத நாளு இருநூத்திப்பத்து, நோட்டுலயும் அதேதான். நூத்தியெம்பது, நூறு கம்மி. இருநூத்தியம்பது, முப்பது கம்மி." ஆறு வாரச் சீட்டும் கம்மி, கம்மி என்றே போனது. ஏழாம் வாரத்தில், "இருநூத்தித் தொண்ணூறு, பத்து மிச்சம்," என்று வாசித்தவள் அடுத்த சீட்டை எடுத்தாள், அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றிலும் மிச்சம்.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, அந்த நோட்டு அப்படியே போயிருந்தா என்னன்னு நெனைச்சிருப்பாங்க?"

"ரெண்டு டப்பியும் ஒண்ணுதான்னு நெனைச்சிருப்பாங்க. மருந்தும் காத்தும் ஒண்ணுன்னு."

மருதாள் கையிலிருந்த சீட்டை மடியில் வைத்தாள். "மூச்சுக் குடுத்த மருந்தைப் பத்தி நானே இல்லாததைச் சொல்லியிருப்பனா?" என்றாள். பிறகு, கொஞ்சம் மெதுவாக, "இன்னொருத்திக்கும் கெடைக்காமப் பண்ணியிருப்பேன்," என்றாள்.

செல்லத்தாய் அடுத்த சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் ரங்காத்தாள் நோட்டையும் சீட்டுகளையும் டாக்டரின் மேசையில் வைத்தாள். அதற்குப் பின் எட்டு நாள் தகவல் இல்லை. டப்பியில் மருந்து தீர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் மாடிப்படியில் மருதாள் மறுபடி நின்றாள். யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரங்காத்தாள் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள். வாட்ச்மேனிடம் பேசத் தயங்கி வெளியில் நின்றவளை மாடியிலிருந்து செல்லத்தாய்தான் பார்த்தாள். மருதாள் இறங்கி வந்தாள்.

"சேத்துக்கிட்டாங்க்கா," என்றாள் ரங்காத்தாள். மூச்சு வாங்கியது, அன்றைக்கு இரைத்தது அவளுக்குத்தான். "முத்திரையைப் பாத்துட்டு மேல இருக்கறவங்க ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் இல்லைன்னு எழுதினதையும் பாத்தாங்களாம். அதனாலயே மத்ததை நம்பறோம்னு சொன்னாங்களாம். அதுக்குப் பொறகுதான் கவரைப் பிரிச்சிருக்காங்க. உங்க மொதல் டப்பி காத்து."

"உங்க வேலைங்க?"

"இருக்குதுங்க. இனி வாராவாரம் எம் முன்னாலயும் ஒருக்கா ஊதச் சொல்லோணும்னு சார் சொல்லியிருக்காரு." பையிலிருந்து புது டப்பி ஒன்றை எடுத்து நீட்டினாள். "ஒரு வருசத்துக்கு மாசாமாசம் நாந்தான் கொண்டாருவேன்."

மருதாள் இரண்டு கையாலும் வாங்கினாள். நன்றி என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. "சோறு உண்டாச்சுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று தெரிந்ததும் தன் தூக்குப்போசியைத் திறந்து பாதியை மூடியில் போட்டுக் கொடுத்தாள். சங்கு ஊதும்வரை இருவரும் வாசல்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அந்த ஒரு வருஷம் முடிவதற்குள் மருந்து திருப்பூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. தொண்ணூற்று மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரங்காத்தாள் ஒரு ஜெராக்ஸ் தாளோடு வந்தாள். இப்போது கதவைத் தட்டிக் கூப்பிடப் பழகியிருந்தாள். டாக்டர் எழுதிய கட்டுரை அச்சில் வந்திருந்தது. கடைசியில் ஒரு வரியைக் காட்டி, "பனியன் தொழிலாளர்களுக்கு நன்றின்னு போட்டிருக்குதுங்க்கா," என்றாள்.

"நாம சொல்ல வேண்டியதை அவுங்க சொல்லியிருக்காங்களே," என்றாள் மருதாள்.

தாளின் நடுவில் ஒரு படம் இருந்தது. கோடு கோடாக, இடமிருந்து வலமாக. ஒரு கோடு ஓர் ஆள் என்றாள் ரங்காத்தாள். இடது முனை வெறும் காற்று, வலது முனை மருந்து.

"இதுல நானு எதுங்க?"

"தெரியாதுங்க்கா. பேர் போட மாட்டாங்க."

மருதாள் விரலை வைத்துத் தேடினாள். கீழே தொடங்கி மேலே ஏறும் கோடு தன்னுடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஏறக்குறைய எல்லாக் கோடுகளும் அப்படித்தான் ஏறின. இத்தனை பேரா என்று அவளுக்கு மனசு நிறைந்தது. அப்புறம் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. ஏழெட்டுக் கோடுகள் ஏறாமல் நேராகப் போயிருந்தன.

"இவுங்களுக்கு மருந்து கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க. சிலருக்குக் கேக்காது. ஏன்னு இனித்தான் பாக்கோணும்."

"ஒண்ணும் ஆகலீன்னு தெரிஞ்சும் தெனமும் ஊதி, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்காங்க." மருதாள் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆருங்க இவுங்கெல்லாம்?"

"சொல்லக் கூடாதுங்க்கா."

"ஆருன்னு எனக்கு வேண்டாமுங்க," என்றாள் மருதாள். "அவுங்களைப் பாத்தா, நல்லூர்ல ஒருத்தி கேட்டதாச் சொல்லுங்க."